ஆலம்

சனிக்கிழமை இரவு பத்தரைக்கு
வெந்த கையோடு வந்தார் பூபாலன்.
முழங்கை முதல் விரல்நுனி வரை மஞ்சள்.
நலங்கு வைத்த பெண்ணுக்குக்கூட
அத்தனை பூசியிருக்க மாட்டார்கள்.

ஹேவன்சைட் மண்டபத்தில் கல்யாணச் சமையல்.
எண்ணூறு வடையில் எழுநூறு எடுத்தாயிற்று,
அப்போதுதான் சரிந்தது சட்டி.
நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.
"மிச்சத்த மச்சான் போட்டிருப்பான்.
உப்பு பாத்திருக்க மாட்டான்."

மனைவி கோகிலத்தின் கையும்
மணிக்கட்டு வரை மஞ்சள்.
வெந்தது யார் கை என்று
ஒரு கணம் எனக்குக் குழப்பம்.

டாக்டர் மகாடி குனிந்து பார்த்தார்.
சிவப்பா வெளுப்பா, மேலா ஆழமா,
மஞ்சள் எதையும் சொல்ல விடவில்லை.
"கழுவுங்கள், சிஸ்டர்."
குரலில் கோபமே இல்லை.
கோகிலத்துக்கு அதுதான் குத்தியது.

நிறையக் கழுவியவள் நான்.
தேன், பற்பசை, முட்டையின் வெள்ளை,
ஒருமுறை சர்க்கரை போட்ட காப்பித்தூள்.
தண்டேகாவின் ஊரில் கற்றாழை;
வழுவழுப்பாய் அது வழிந்து போய்விடும்.
மஞ்சள் போகாது.
நகக்கண்ணில், கடிகாரப் பட்டையில்,
வீட்டுத் தலையணை உறையில்
மறுநாளும் இருக்கும்.

பதினாறு வயதில் நானும் பூசியிருக்கிறேன்,
கஸ்தூரி மஞ்சள், கடலைமாவு, தயிர்.
பரு போனதா
அந்த வயது போனதா
இன்றுவரை தெரியாது.
அதே வருஷம் கடையில் வெள்ளைக் களிம்பு வாங்கிய
சரஸ்பதியின் கன்னத்தில்
இன்னும் இருக்கின்றன கருத்த தீவுகள்.
அதனால் நான் எந்தப் பக்கமும் இல்லை.
தீப்புண்ணுக்கு மட்டும் எனக்கொரு கட்சி:
குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம்.

ஊசி போட்டோம். வலி கொஞ்சம் அமர்ந்தது.
வெள்ளைப் பேசினில் வெதுவெதுப்பான நீர்,
சோப்பு, துணி.
இன்னொரு துணி.
சோப்பு மஞ்சளைத் தொட்ட இடத்தில்
தண்ணீர் சிவந்தது.

"ரத்தம்!" என்று அலறினாள் கோகிலம்.

"ரத்தமில்லக்கா. சோப்பில காரம் இருக்கு.
சுண்ணாம்பு பட்டா செவக்குமே, அது மாதிரி."

பேசினையே பார்த்தாள்.
இன்று மாலை அந்த மண்டப வாசலில்
மாப்பிள்ளை பெண்ணுக்கு
அவள் கையாலேயே கரைத்த சிவப்பு.

"நான் செஞ்சது தப்பா, சிஸ்டர்?"

"மொதல்ல தண்ணில காட்டியிருக்கணும்" என்றேன்.
அது உண்மை.
அவள் கேட்டதற்கு
அது பதில் இல்லை.

மெல்ல மெல்லத் தோல் வந்தது,
நனைந்த இளஞ்சிவப்பாய்.
டாக்டர் தொட்டதும்
ஊசியையும் மீறிக் கத்தினார் பூபாலன்.
வலித்தால் நல்லது என்று
எந்த மொழியில் சொன்னாலும் கொடுமைதான்.
மணிக்கட்டருகே மட்டும்
ஐந்து ராண்ட் நாணயம் அளவு வெளுப்பு.
அங்கே வலிக்கவில்லை.
அதைப் பற்றி நாளைக்குப் பேசலாம்.

நான் கட்டுத்துணி எடுக்கத் திரும்பியபோது
கோகிலம் பேசினைத் தூக்கிவிட்டாள்.
வலமாய் ஒரு சுற்று.
இரண்டாவதில் திரைக்கம்பியில் இடித்துத்
தளும்பியது தரையில்.
மூன்று.
வெற்றிலையும் இல்லை, சூடமும் இல்லை.
"நெருப்பு கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன்"
என்றாள் பிறகு தண்டேகா,
ஆக்சிஜன் உருளையைக் காட்டி.
டாக்டர் நிமிரவேயில்லை.
ஒரு வரிக் குறிப்பை
வெகுநேரம் எழுதினார்.

"எங்க ஊத்துறது?"

முச்சந்தியில் ஊற்றவேண்டும்.
இது மூன்றாவது மாடி.
மூலையில் இருந்த தொட்டியைக் காட்டினேன்.
யார் கண்ணோ, எண்ணூறு வடையோ,
ஒருமுறை சுழன்று
குழிக்குள் போனது.

கண்ணை மூடியபடியே கேட்டார் பூபாலன்:
"உப்பு சரியா இருந்துச்சாமா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள்,
காலிப் பேசினைத் தேய்த்துக்கொண்டே.