இறங்காதவை

எர்சுரும். ஜனவரி. இரவுப் பணி.
பனி வாரும் வண்டி
ஒரே தெருவை மூன்றாம் முறை வாருகிறது.

அறுபத்திரண்டாயிரம் என்றது கருவி.
நம்பாமல் குழாயைக் குலுக்கி மறுபடி வைத்தேன்.
அறுபத்திரண்டாயிரத்து நானூறு.

இத்தனை வெள்ளணுக்களும்
எல்வான் என்கிற நாற்பது நாள் பெண்ணுக்கு.
இன்னும் விழாத தொப்புள்கொடி,
அதன் அடியில் சிவந்த வளையம்.
அங்கே
ஒரு சொட்டுச் சீழ் இல்லை.

கண்ணாடித் தகட்டில் பார்த்தேன்.
மடல் மடலாய் உட்கரு, கச்சிதமான விளிம்பு.
பார்வைக்கு எல்லாம்
வேலை தெரிந்த அணுக்கள்தான்.

நான் ஏறி வந்த மினிபஸ் ஞாபகம் வந்தது.
"இறங்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.
ஓட்டுநர் வேகம் குறைத்தார்.
கதவு உறைந்திருந்தது.
தன் வீட்டு விளக்கைக்
கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி
பேருந்து நிலையம் வரை வந்தார் அவர்.

எரியும் இடத்தில் நாளத்தின் சுவர்
கொக்கி கொக்கியாய்க் கை நீட்டும்.
அணு தடுக்கும், உருளும், மெதுவாகும்.
இவ்வளவும் இவளுக்கு நடக்கிறது.
அடுத்து
இறுகப் பற்றி நின்று
சுவரிடுக்கில் நுழைய வேண்டும்.
அந்தப் பிடி மட்டும் இவளுக்கு வாய்க்கவில்லை.

புண் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.
எலும்புக்குள் மேலும் மேலும் ஆள் பிறக்கிறது.
அறுபத்திரண்டாயிரம் என்பது
பலமில்லை,
நெரிசல்.

விடிந்ததும் குல்பஹார் மூத்தவனை அழைத்து வந்தாள்,
மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்க.
யெக்தா, ஆறு வயது.
பனியில் சறுக்கிய முழங்கால்,
கட்டெல்லாம் மஞ்சள் ஈரம்.
"மன்னிக்கணும், இவனைக் கவனிக்க நேரமே இல்ல"
என்று கோட்டு நுனியால் மறைத்தாள்.

நான் பிரித்தேன்.
சீழ்.
கெட்டியாய், நாறிக்கொண்டு,
இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி
ஊர் திரும்பாத லட்சம் பேர்.

வெறும் பஞ்சால் துடைக்க வேண்டியதை
ஏனோ கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அழுகிடுச்சா?" என்றான் பையன்.
"வந்து சேர்ந்திருக்காங்க" என்று சொல்ல வாயெடுத்து
"கையை நீட்டு" என்றேன்.

ஊசி ஏறியது. அவன் அழவில்லை.
குழாய் நிரம்பி,
பஞ்சு வைத்து,
பெயர்ச்சீட்டு ஒட்டி முடிக்கும்வரை
என் சட்டையின் கைநுனியை மட்டும்
விடவேயில்லை.