இருபத்தெட்டாம் நாள்

பெந்தாவில் மழை விட்டுவிட்டது.
குலை ஏற்றிய லாரிகள் சாலையெங்கும் சேறு கொட்டிப் போகின்றன.
சுகாதார நிலையத்தின் பின்னறையில்
பழைய குளிர்சாதனப் பெட்டி இருமுகிறது.
நான் தவச்செல்வி. ரத்தத்தில் எண்ணுவது என் வேலை.

கண்ணாடித் தகட்டில் பதினேழு என்றிருக்கிறது.
பெயர் எழுதக் கூடாது, விதி.
ஆனாலும் தெரியும்:
செம்பனைக் குலை வெட்டும் மாரிக்கண்ணு,
இடது மோதிரவிரலில் நகமில்லாதவர்,
குத்துவதற்கு எப்போதும் அதையே நீட்டுபவர்.
"ஏற்கெனவே கெட்டுப்போனதுதானே, தங்கச்சி."

வந்த அன்று பெஞ்சோடு சேர்ந்து நடுங்கினார்.
ஒரு துளியில் ஆயிரக்கணக்கில்
நீல மோதிரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கல்.
குரங்கிடமிருந்து கொசு தூக்கிவந்த காய்ச்சல்.
ஒரு பகல் ஓர் இரவுக்குள்
ஒரு தலைமுறையை முடித்துவிடும் அவசரக்காரக் கிருமி.

இரண்டு மருந்தில் ஒன்றைக் கொடுத்தார்கள்.
ஒன்று பழையது.
மற்றதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, ஐந்து இலக்க எண்.
யாருக்கு எது என்று எனக்குத் தெரியாது,
டாக்டர் ஹஸ்லிண்டாவுக்கும் தெரியாது.
மாத்திரைக்காவது தெரியுமா என்று கேட்டார் மாரிக்கண்ணு.

அந்த எண் என்ன செய்யும் என்று ஒருமுறை விளக்கினார்கள்.
கிருமி நம் சிவப்பைத் தின்னும்.
தின்றதில் மிஞ்சும் இரும்பு அதற்கே நஞ்சு.
அதைப் படிகமாய்க் கட்டி மூலையில் ஒதுக்கிவிட்டு
மேலே தின்னும்.
அந்த மூலையை அடைத்துவிடுவதுதான் மருந்து.
நாலாயிரம் சேர்மங்களைச் சலித்து,
எலிவரை போனவை பதினொன்று,
மனிதர்வரை வந்தது இது.

முன்பெல்லாம் பெரட்டுக்கு நிற்கும்போதே
வாயைத் திறக்கச் சொல்லிக் கொயினா ஊற்றுவார்களாம்.
யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை.
மாரிக்கண்ணு ஒன்பது பக்கங்களில் கையெழுத்திட்டார்.
ஏழாம் பக்கத்தில் நிறுத்தி,
"செத்துட்டா பணம் யாருக்கு?" என்றார்.
நான் மலாயில் சொன்னேன்.
டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பதில் சொன்னார்,
கால் மணி நேரம்.

மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஏழாம் நாளும்.
பதினான்காம் நாள் ஒரு பை ரம்புத்தானோடு வந்தார்.
ஆய்வறையில் தின்னக் கூடாது,
மோட்டார் சைக்கிள் கொட்டகையில் நின்று தின்றோம்.

இன்று இருநூறு புலம் பார்க்க வேண்டும்.
வெள்ளையணு, சாயக் கசடு, வெள்ளையணு,
வெறும் ஊதாப் பரப்பு.
நூற்றெழுபத்து மூன்றாம் புலத்தில்
ஒரு மோதிரம்.

திருகைத் திருகினேன். கசடென்றால் குலையும்.
குலையவில்லை.
கல் சிவப்பாகவே இருந்தது.

தகட்டை ஒரு மயிரிழை தள்ளி வைத்திருந்தால்
இதைப் பார்த்திருக்க மாட்டேன்.
அந்த ஐந்து இலக்கம், அவர் விழுங்கியது அதுதான் என்றால்,
தோற்றிருக்காது.
கை அந்தத் தகட்டை நகர்த்தத் தயாராகவே இருந்தது.
பொய் சொல்ல மாட்டேன்.

பழைய மிச்சமா? புதிதாகக் கடித்ததா?
போன வாரம் காட்டோரம், நான்காம் பிளாக்கில் வெட்டியிருக்கிறார்.
அங்கே மட்டையெல்லாம் குரங்கு.
மரபணு பார்த்துக் கோலாலம்பூரில் சொல்வார்கள்.
என் தாளில் அதற்கு இடமில்லை,
எண் எழுத ஒரு கட்டம் இருக்கிறது.

1.

இரண்டாவது கண்ணும் பார்க்க வேண்டும். சுல்ஹில்மியை அழைத்தேன்.
நெடுநேரம் குனிந்திருந்தான்.
பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.
"ஆமாம், அக்கா."

வெளியே, போக்குவரத்துக் காசு அறுபது வெள்ளியை வாங்கி
ஹெல்மெட்டுக்குள் போட்டு வைத்துக்கொண்டு
அவர் உட்கார்ந்திருக்கிறார்.
கடைசி வருகை என்று காலையில்தான் நானே சொன்னேன்.

கையுறை மாற்றினேன். புது ஊசி. பஞ்சு.
"அண்ணே, இன்னொரு தடவை எடுக்கணும்."

ஏன் என்று கேட்கவில்லை.
நகமில்லாததை நீட்டினார்.