மூன்றாவது அரியர்

நாளைக்கு நாகர்கோவிலில் பரீட்சை.
இன்றைக்கு மணவாளக்குறிச்சி மணல் ஆலையில்
இரவு ஷிப்ட்.
மின்காந்தவியல் தாள்.
முதல் தடவை இருபத்தெட்டு,
போன தடவை முப்பத்தொன்று.
"மூணு மூணா ஏறுது ஏட்டி சகாயறாணி,
இந்தத் தடவ முப்பத்துநாலு,
ஒண்ணுல போவும்" என்கிறான் சூசைமிக்கேல்,
சாக்குக்கு வாய் தைத்துக்கொண்டே.

உருளை சுற்றுகிறது.
கருமணல் அதை விடாமல் ஒட்டிப் போய்
அடியில் உதிர்கிறது.
வெளுத்த சிர்கான் எட்டித் தெறிக்கிறது.
இந்தக் காந்தத்துக்குக் கம்பி இல்லை,
சுவிட்சு இல்லை.
கரண்ட் போனாலும் பிடி தளராது.
அப்படியானால் உள்ளே ஓடுவது எது?

அணுவுக்கு அணு ஒரு சின்னச் சுழல் என்கிறது புத்தகம்.
எல்லாம் ஒரே பக்கமாய்ச் சுற்றும்.
இரண்டு சுழல் உரசும் இடத்தில்
ஒன்று மேலே போகும், ஒன்று கீழே வரும்.
கழித்தால் பூஜ்யம்.
இரண்டு தடவை மனப்பாடம் செய்தேன்.
இரண்டு தடவையும் ஹாலில் மறந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை
கடியப்பட்டணத்தில், எங்கள் வரிசையில்,
ஐந்நூறு ரூபாய்கள் ஓடுவதைப் பார்த்தேன்.
நான் பெனிற்றாவுக்குக் கொடுத்ததும்
பெனிற்றா எனக்குக் கொடுத்ததும்
எங்கள் நடுச்சுவரில் முகத்தோடு முகம் முட்டி
இல்லாமல் போயின.
அவளுக்கும் றோஸ்லினுக்கும் நடுவிலும் அப்படியே.
கணக்கு எழுத உட்கார்ந்தால் வெறுந்தாள்.
வரிசையின் கடைசி வீடு ஸ்றெல்லாவுடையது.
அவளுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பகிர ஆளில்லை.
அங்கே மட்டும்
காலையில் அடகுக்கடை, மாலையில் வட்டிக்காரன்.
வெளியூர்க்காரன் பார்த்தால்
இந்த ஊரில் இவளுக்குத்தான் கடன் என்பான்.
ஓடுவது எங்கள் எல்லோருடைய கடனும்.
ஆனால் ஒரு நோட்டுகூட
வரிசையை முழுசாய் நடந்து கடந்ததில்லை.

றோஸ்லின் வீட்டுக்காரன் மஸ்கட் போனான்.
அவள் சுழல் பெருத்தது.
அன்றிலிருந்து அவள் சுவரில்
கழித்தாலும் ஏதோ மிச்சம் நிற்கிறது,
வரிசையின் நட்டநடுவிலேயே.
இதற்குப் புத்தகத்தில் பெயர் கர்ல்.
பெனிற்றா வேறு பெயர் வைத்திருக்கிறாள்.
அதைப் பரீட்சையில் எழுத முடியாது.

அஞ்சே முக்கால் பஸ்.
அம்மாண்டிவிளை வளைவில்
டிரைவர் பிரேக்கை அமுக்குகிறார்.
யார் காலும் பெயரவில்லை,
உடம்புகள் மட்டும் ஒரு சாண் சாய்கின்றன.
நான் விட்ட இடத்தில் பின்னால் நின்றவள்,
அவள் விட்ட இடத்தில் மீன்கூடைக்காரி.
நடுவில் எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை.
முன்கண்ணாடியோரம் நெரிசல்,
பின்சீட்டுக்கு முன்னால் ஒரு காலி.
இதுதான் ராத்திரி உயர் அழுத்த உருளையில்
சிர்கானுக்குள் நடப்பதும்.
இல்மனைட் வாங்கியதை உடனே கைமாற்றிவிட்டுப்
பறந்துபோகும், மஸ்கட்காரன் மாதிரி.
சிர்கான் போகாது.
சாயும், அவ்வளவுதான்.
கட்டுண்ட மின்னூட்டம் என்று எழுத வேண்டும்.
எழுதுவேன்.

ஏழாவது கேள்வி:
காந்தத்தைக் குறுக்கே வெட்டினால் என்ன ஆகும்?
மேற்பரப்பு ஓட்டத்தை வருவி.

போன மாசம் ஓடை வெட்ட வந்தவர்கள்
வரிசையின் நடுவில் இரண்டு வீட்டை இடித்தார்கள்.
அதுவரை சத்தமே இல்லாத சுவர்கள்.
அன்று சாயங்காலமே
இடித்த இடத்தின் இரண்டு ஓரத்திலும்
வட்டிக்காரன் சைக்கிளை நிறுத்தினான்.
இந்த ஓரத்தில் ஒரு ஸ்றெல்லா,
அந்த ஓரத்தில் ஒரு ஸ்றெல்லா.
கடன் புதிதல்ல.
மறைக்க அடுத்த வீடு இல்லை, அதுதான் புதிது.

எழுதினேன்.
மணிக்கட்டிலிருந்து கருமணல் உதிர்ந்து
சமன்பாட்டில் கூடுதலாய் ஒரு புள்ளி வைத்தது.
ஊதிவிட்டேன்.
படம் வரைந்தேன்: சதுரம் சதுரமாய்ச் சுழல்கள்,
அம்புக்குறிகள், நடுவில் பூஜ்யங்கள்.
தாளைக் கட்டும்போதுதான் கவனித்தேன்,
கடைசிச் சதுரத்துக்கு வெளியே
ஸ்றெல்லா என்று எழுதியிருக்கிறேன்.
மணி அடித்துவிட்டது.
அவசரமாய்க் கோடு போட்டு அடித்து, மேலே
மேற்பரப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.
அடித்த பெயர் அடியில் தெரிகிறது,
திருத்துகிறவர் கண்ணாடி போட்டால்
வாசிக்கலாம்.