ஒழுங்கை விளக்கு

பண்டாரவளையில் கிள்ளிய நான்கு நுனிகள்
ஈரப் பேப்பரில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்
பகல் முழுக்க பஸ்ஸில் வந்தன.
மூன்று, வவுனியா தாண்ட முன்னமே கறுத்துவிட்டன.

மிஞ்சியதற்குக் கொண்டாவில் கிணறு பிடிக்கவில்லை.
தண்ணீர் சோதிப்பதுதான் என் வேலை,
எங்கள் கிணற்றின் சுண்ணாம்புக் கணக்கு
எனக்கு மனப்பாடம்.
கேத்திலின் அடியில் வெள்ளைத் தோலாய்ப் படிவதை
மலைநாட்டுச் செடிக்கு எப்படி ஊற்ற?
ஆய்வுகூடத்து ஏசி சொட்டும் தண்ணீரை
நாளுக்கொரு போத்தல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
காவலாளி மூடியைத் திறந்து மணந்து பார்த்தான்.

தண்டு சதுரம், விரலிடையில் உருளாது.
இலையைத் தொட்டால் அன்னாசி.
"துளசிக்குச் சொந்தமோ?"
மதிலுக்கு அப்பால் புஸ்பவதனி.
"ஒண்டுவிட்ட தங்கச்சி" என்றேன்.

சோளகத்தில் மத்தியானம் துவண்டு
பின்னேரம் எழும்பி எழும்பி
நெஞ்சளவு வந்தது. பூக்கவில்லை.
ஒரு வருடம். இன்னொன்று.
ஆட்டெரு போட்டேன், மீன்தலை தாட்டேன்,
ஒருநாள் பேச்சும் கொடுத்தேன்.

கார்த்திகைப் புயலில் ஒழுங்கை விளக்கு செத்தது.
விடியுமட்டும் மதிலுக்கு மேலால் கொட்டும் வெள்ளை இல்லை.
பதினெட்டாம் நாள்
நுனியில் ஏதோ இறுகியிருந்தது.
உரம் குறையவில்லை,
இருட்டுத்தான் குறைந்திருக்கிறது.
இரவு நீள்கிறதா என்று
இது எண்ணத் தொடங்கும்போதெல்லாம்
வெளிச்சம் வந்து அழித்திருக்கிறது.

அன்றைக்கே பிரதேச சபைக்கு மனு வந்தது.
இருபத்தாறு கையொப்பம், என்னுடையது மட்டும் வெற்றிடம்.
"நாளைக்கு" என்றேன்.
"வாசிச்சுப் போட்டுத் தாறன்" என்றேன்.
ஐந்தாம் இரவு
புஸ்பவதனி சைக்கிளோடு வாய்க்காலுக்குள்.

முழங்கால் கட்டோடு வந்து தாளை நீட்டினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சருகு கிள்ளிய கையைக் கழுவாமலே ஒப்பமிட்டேன்.
தாளை மடித்தவள் நின்று
மூக்கருகே கொண்டுபோனாள்.
என்னைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள்.
நொண்டிக்கொண்டு போய்விட்டாள்.

விளக்கு வந்துவிட்டது, முன்னதைவிடப் பிரகாசமாய்.
இப்போது ஆறு மணிக்கு
செடியின் தலையில் கறுப்புத் தறப்பாள் போட்டு
கல் வைக்கிறேன்.
தறப்பாள் தந்தது புஸ்பவதனி,
"திருப்பித் தரவேணும்" என்று.

இன்று காலை அவிழ்த்தபோது
சிவப்பு. ஊதுகுழல் மாதிரி, ஒன்பது.
மதிலில் ஒரு தேன்சிட்டு
நான் பிந்திவிட்டேனென்று
ஏசிக்கொண்டிருந்தது.