நாற்பது யூரோவுக்குள்

கடைசிப் பெட்டியோடு ஐகர்ஸ்
ரௌட்டரையும் எடுத்துப்போய்விட்டான்.
ரசீது அவன் பெயரில். நியாயம்தான்.
அலமாரி மேல் தூசிக்கு நடுவே
ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

தௌகவ்பில்ஸில் பிப்ரவரி.
ட்ராம் நிறுத்தத்தில் உப்புத் தூவியிருக்கிறார்கள்.
கையுறைக்குள் இரண்டு இருபது யூரோத் தாள்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
கடைக்குள் போகிறேன்.

வித்தாலிஸ் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
எட்டுக் கொம்பு வைத்த ஒன்றைக் காட்டினான்.
மல்லாந்து செத்த சிலந்தி.
நூற்று எழுபது.
மூன்று மாடிக்குப் பாயும் என்றான்.
எனக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை,
சரியாகச் சாத்தாத குளியலறைக் கதவு.

"வீட்டில் எத்தனை பேர்?"
மூன்று என்று வாய் திறந்து
இரண்டு என்று மூடினேன்.
உடனே குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து
சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்தான்.
இரண்டு பேருக்கு இதுவே அதிகமாம்.
இருபத்துநான்கு தொண்ணூறு.

ஆழம் தெரியாமல் காலை விடுகிறவள் இல்லை நான்.
மூன்று இரவு, கைபேசியின் சொச்ச டேட்டாவில்
படித்துவிட்டு வந்திருக்கிறேன்.
அலைவரிசை இரண்டு வேண்டும்.
ஒன்று மெதுவாக நடக்கும், சுவரைத் தாண்டும்.
மற்றது பறக்கும், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.
(இதில் யாரையும் சொல்லவில்லை.)
பெட்டி மேல் அச்சடித்த வேகம்
பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லும் சம்பளம்,
பாதியாகக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சோப்புப் பெட்டியில் அலைவரிசை ஒன்றுதான்.
பின்பக்கம் வயருக்கு ஒரே ஓட்டை.
"இப்போதெல்லாம் வயர் யார் போடுகிறார்கள்?"
நான் போடுகிறேன், தம்பி.
இன்ஷூரன்ஸ் கேட்டு ரீகாவிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு
எட்டு மணி நேரம் பதில் சொல்கிறேன்.
என் சம்பளம் அந்த வயரில்தான் வருகிறது.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
எழுபத்துநான்கில் கட்டிய எங்கள் கான்கிரீட்
முழுச் செவிடு.
மகள் மதாராவின் அறையில்
படம் பாதியில் நின்று
கதாநாயகி வாய் பிளந்தபடி இருப்பாள்.

அப்புறம்தான் அது கண்ணில் பட்டது.
யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது,
மூலை நசுங்கிய அட்டை, முப்பத்தொன்று யூரோ.
நான்கு ஓட்டை, இரண்டு அலை.
"இன்னும் எத்தனை வருடம்
கம்பெனி இதைக் கவனித்துக்கொள்ளும்,
ஓட்டை உடைசலை அடைக்கும்?"
அவனுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்து,
நான்கு வருடம் என்றான்.
நான்கு வருடம் போதும்.
நான்கு வருடத்தில் மதாராவுக்குப் பதினைந்து.
மிச்சத்தில் ஐந்து மீட்டர் வயர்.

வீட்டில், தூசிச் சதுரத்தில் வைக்கவில்லை.
நடைவழியில், செருப்பு ரேக்குக்கு மேலே ஆணி அடித்தேன்.
இரண்டு அறைக்கும் சம தூரம்.

கையேடு சொல்கிறது:
பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் கொடுத்தால்
வீட்டுச் சாமான்கள் தாமாகவே வந்து சேரும்.
பிரின்டர், மதாராவின் டேப்லெட்,
ஞாயிறு மாலை அவளைக் கொண்டுவந்து விடும்போது
மாடிப்படியில் நிற்கிற அவன் கைபேசியும்.

பழைய பெயர் 'ஏரி'.
கடவுச்சொல் எங்கள் முதல் காரின் நம்பர்.
அந்தக் கார் துருப்பிடித்து இரும்புக்கடைக்குப் போனது.

புதுப் பெயர் யோசிக்க ஒரு காபி ஆயிற்று.
மதாரா 'பூசணி' என்றாள். சரி, பூசணி.
கீழே இன்னொரு கட்டம் இருந்தது:
விருந்தினருக்குத் தனி இணைப்பு வேண்டுமா?
வருகிறவர் வலையை மட்டும் பயன்படுத்துவார்,
வீட்டுக்குள் இருப்பது எதுவும் கண்ணில் படாது.

வேண்டும் என்று அழுத்தினேன்.
பெயர்: ஏரி.
காரின் நம்பரை விரல் பார்க்காமலே அடித்தது.

ஞாயிறு, ஐந்தரை மணி.
மதாரா இடது கையுறையைத் தேடிக்கொண்டிருக்க
நடைவழியில் ஒரு பச்சைப் புள்ளி துடித்தது.
விருந்தினர்: ஒருவர்.
பதினொரு நிமிடம். பிறகு யாரும் இல்லை.

திங்கட்கிழமை பார்த்தால்
பிரின்டரும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது.
இழுத்து வந்து, பொறுமையாக,
எழுத்தெழுத்தாகப் பூசணி சொல்லிக்கொடுத்தேன்.