ஒன்று அலறினால்

மின்கட்டண உறையின் முதுகில்
வீட்டை வரைந்து வைத்திருந்தார் எர்லண்ட்.
கோடு விட்ட இடம் கதவு,
மாடிப்படிக்கு ஓர் ஏணி,
அலாரம் வரவேண்டிய இடமெல்லாம் வட்டம்.
ஐந்து வட்டம்.

ஸ்ட்ரோம்னஸில் அன்று மழை
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
ஈரக் காலணியைக் கழற்றிவிட்டு
வீட்டுக்கு வீடு சொல்வதை ஒப்பித்தேன்:
சமையலறைக்குப் புகை அலாரம் வேண்டாம்,
ரொட்டி கருகினாலே ஊரைக் கூட்டிவிடும்,
அங்கே சூடு அறிவதை மாட்டுவோம்.
சுவரைவிட்டு ஒரு சாணுக்குமேல் தள்ளி.
மூலை கூடாது, புகை அங்கே வரத் தயங்கும்.
எல்லாம் ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேசும்;
ஒன்று அலறினால் எல்லாம் அலறும்.

"கீழே பற்றினால் மாடியில் கத்துமா?"
மேசை துடைத்துக்கொண்டிருந்த இங்கா கேட்டார்.
கத்தும்.
"சரி" என்றார், ஒருவரையும் பாராமல்.

அடுத்தது நான் எல்லாரிடமும் கேட்பது:
ராத்திரி யார் எங்கே படுப்பீர்கள்?

பென்சில் நின்றது.
கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.
"மாடியில் நான்" என்றார் இங்கா.
"அவர் படகுக் கொட்டகையில். நவம்பரிலிருந்து."

உறையில் கொட்டகை இல்லை.
பின்கதவோடு காகிதம் முடிந்திருந்தது.

அங்கே குளிருக்கு என்ன செய்கிறீர்கள்?
"பாரஃபின் ஹீட்டர்" என்றார் எர்லண்ட்,
திருடியதை ஒப்புக்கொள்பவர்போல.
ஜன்னல்?
"காற்று வருமே என்று துணி அடைத்திருக்கிறேன்."

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்றை விழுங்கினேன்.
அதற்குப் புகை அலாரம் மட்டும் போதாது,
வாசனையில்லாத வாயுவுக்கு இன்னொன்று வேண்டும்,
முதலில் அந்தத் துணியைப் பிடுங்குங்கள் என்றேன்.

இங்கா பென்சிலை வாங்கி
உறைக்கு வெளியே,
மேசை மரத்தின் மேலேயே
ஒரு வட்டம் போட்டார்.
"இங்கே ஒன்று.
இதுவும் மற்றதோடு பேச வேண்டும்."

சாயங்காலம் சோதனை.
இரண்டடிக் கல்சுவர், நடுவே மழை,
அலை போய்ச் சேருமா என்று எனக்கே சந்தேகம்.
சமையலறையில் பொத்தானை அழுத்தினேன்.
வீடு மொத்தமும் வீறிட்டது.
கொட்டகை மட்டும் யோசித்தது,
ஒன்று, இரண்டு, மூன்று...
பிறகு அதுவும்.

காதைப் பொத்திக்கொண்டு மழையில் ஓடிவந்தார் எர்லண்ட்,
காலில் ஒற்றைச் செருப்பு.
"கேட்கிறது, கேட்கிறது, நிறுத்துங்கள்!"

ரசீது எழுதினேன்.
கொட்டகைக்கு இரண்டு, தனியாக.
இங்கா மறுபடி மேசை துடைத்தார்,
அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டு.