அரை மாத்திரை

எரெந்திராவுக்கு மருந்துக் கடையில் வேலை,
டொரயோன் நகரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே.
நாள் முழுக்க மாத்திரை எண்ணுகிறாள்.
மாத்திரைக்கு நம் மொழியில் இன்னொரு பொருளும் உண்டு:
கண் ஒருமுறை இமைக்கும் நேரம்.
அவளுக்கு அது தெரியாது. ஆனால்
இரவு பத்துக்கு மேல் அவள் எண்ணுவது அதைத்தான்.

டிசம்பர் போனஸ் ஆறாயிரத்து இருநூறு பேசோ.
பிப்ரவரியில் மொந்தெரேயில் போட்டி.
வீடென்பது ஒரே அறை. அக்கா மக்லோவியாவுக்கு
மருத்துவமனையில் விடியற்காலை ஷிஃப்ட்,
ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவாள்.
பொத்தான் சத்தம் கேட்டால்
கண் திறக்காமலே செருப்பை எறிவாள். குறி தப்பாது.

ஆக, என்ன வாங்குவது?

கடையில் நிற்கும் இயந்திரத்தையே தருகிறேன் என்றார் அபுந்தியோ,
சோளரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது,
மூவாயிரத்து ஐந்நூறு. உள்ளே படிந்த மாவு இலவசம்.
டேப் கொண்டுபோய் அளந்தாள்.
கதவில் நுழையும். மாடிப்படி வளைவில் நுழையாது.

சந்தையில் ஒரு பழைய பிக்சர் டியூப் டிவி:
அடித்த அடியை அடித்த கணமே காட்டும்,
கனமோ கழுதைக்குட்டி கனம்.
ஜாய்ஸ்டிக்கில் சதுர வாயா, எண்கோண வாயா?
சதுரத்தில் மூலை தட்டுவது விரலுக்குத் தெரியும்.
ஜாய்ஸ்டிக்கே இல்லாமல் முழுக்கப் பொத்தானாகவும் ஒரு பெட்டி உண்டு,
தொட்டுப் பார்த்தாள், கணக்கு எழுதுவதுபோல் இருந்தது,
வைத்துவிட்டாள்.

சுவரில் ஏற்கெனவே தொங்குகிறதே,
தவணையில் வாங்கிய நாற்பத்து மூன்று அங்குலம்,
அது போதாதா என்றாள் அக்கா.
போதுமா என்று பார்க்கத்தான்
விரலையும் திரையையும் சேர்த்து
செல்போனில் மெதுவாய் ஓடும் வீடியோ எடுத்தாள்.
விரல் அழுத்துகிறது.
திரையில் இருப்பவன் சும்மா நிற்கிறான்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஐந்தாம் ஃபிரேமில்தான் காலைத் தூக்குகிறான்.
இன்னொருமுறை எடுத்தாள். ஐந்து.
'கேம் மோடு' இருக்குமோ என்று ரிமோட்டைக் குடைந்தாள்.
இந்த டிவிக்கு அப்படியொன்றும் இல்லை.

ஐந்து ஃபிரேம் என்பது
இமைக்கத் தொடங்கி இமை பாதியில் நிற்கும் நேரம்.

இரண்டு வருஷமாய் வீட்டில் புலி, கடையில் எலி.
டயர்கடை நபோரின் தாழ் உதையை
வீட்டில் ஆயிரம் தடவை தடுத்த அதே கை
அபுந்தியோ கடையில் தடுக்காது.
அவன் வேகம் என்று நினைத்தாள்,
பயம் என்று நினைத்தாள்,
ஒருதடவை காப்பியைக்கூட நிறுத்திப் பார்த்தாள்.
கை முந்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.
தாமதமாய் வரும் உலகத்துக்கென்று
தன்னையே முன்னால் திருப்பிவைத்த கடிகாரம்.

புது மானிட்டர் வந்தது, சின்னது, விளிம்பில் கீறல்,
அதனால் எண்ணூறு குறைவு.
சதுர வாய் வைத்த பெட்டி, சத்தமில்லாப் பொத்தான்,
அடியில் பழைய குளியலறை மிதியடியை வெட்டி ஒட்டினாள்.
முதல் இரவு பத்து ஆட்டம், பத்தும் தோல்வி.
இரண்டாம் இரவு ஒன்பது.
கைக்கு யார் சொல்வது,
உலகம் இப்போது நேரத்துக்கு வருகிறதென்று?
மக்லோவியா தூக்கத்தில் முனகினாள்,
"தோற்றாலும் சத்தமில்லாமல் தோற்கிறாய், நல்லது."

ஞாயிற்றுக்கிழமை பழைய டிவியை வாங்க வந்தவன் நபோர்.
அவனும் மொந்தெரே போகிறான். வீட்டில் பயிற்சி செய்யவேண்டுமாம்.
"படம் நல்லா தெரியுமா?"
"ரொம்ப நல்லா தெரியும்."
பொய் இல்லை.
எழுநூறு கேட்டாள், அறுநூறு கொடுத்தான்,
குழந்தையைப்போல் போர்வை சுற்றித் தூக்கினான்.

படியில் இறங்குகிறான்.
கீறல் படக்கூடாதென்று
ஒவ்வொரு படிக்கும் நின்று, காலால் தடவி, இறங்குகிறான்.
அவள் வாசலில் நின்று
வாயைத் திறந்தாள்.
வளைவில் போர்வையின் நுனி மட்டும் தெரிந்தது.